கோளக் கொத்தில் சீறியது எந்த நியூட்ரான் விண்மீன்? எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளோடு கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2010 அக்டோபர் 10 அன்று, டெர்சான் 5 என்ற கோளக் கொத்தின் திசையில் எக்ஸ் கதிர்கள் கூடியிருப்பதை இன்டெக்ரல் செயற்கைக்கோள் கண்டது. அந்தக் கொத்தில் எக்ஸோ 1745-248 என்று நன்கு அறிமுகமான ஒரு எக்ஸ் கதிர் மூலம் ஏற்கெனவே உண்டு. 2000-இல் பெரிதாகச் சீறியது அதுதான். ஆகவே பழைய ஆள் திரும்ப வந்துவிட்டார் என்றே முதலில் எல்லோரும் எண்ணினார்கள். சில நாட்களில் ஆர்எக்ஸ்டிஇ தொலைநோக்கியின் தரவில் நொடிக்கு 11 முறை துடிக்கும் ஒரு துடிப்பு தெரிந்தது. எக்ஸோ 1745-248-இடம் அப்படி எதையும் யாரும் பார்த்ததில்லை. சந்திரா தொலைநோக்கி எடுத்த கூர்மையான படம் சந்தேகத்தை முடித்துவைத்தது: சீறிய புள்ளி பழைய மூலத்திலிருந்து சுமார் 6 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி இருந்தது. அது வேறொரு நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்து முடிந்த பெரிய விண்மீனின் நகர அளவுக்குச் சுருங்கிய உள்ளகம். இன்று அதன் பெயர் ஐஜிஆர் ஜே17480-2446, சுருக்கமாக டெர்சான் 5 எக்ஸ்-2.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த 6 வில்விநாடியைச் சுற்றித்தான். கோளக் கொத்தில் ஏதோ சீறுகிறது என்று கண்டுபிடிப்பது இப்போதெல்லாம் பெரிய காரியமில்லை. எது சீறுகிறது என்று சொல்வதுதான் கடினம். அங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்கக் கூடாது. சீறுவது நியூட்ரான் விண்மீன்தானா என்பது ஒன்று. அந்தக் கொத்தில் இருக்கும் பலவற்றில் எது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நிறமாலையும் நேர அலசலும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு இடம் வேண்டும், அல்லது கைரேகை போன்ற ஒரு துடிப்பு வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

கோளக் கொத்து என்பது லட்சக்கணக்கான பழைய விண்மீன்கள் ஈர்ப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்துபோல் திரண்டிருக்கும் கூட்டம். நம் பால்வழியில் 150-க்கும் மேற்பட்ட கொத்துகள் தெரியும். அவற்றின் நடுப்பகுதி மிக நெரிசலானது. விண்மீன்கள் அடிக்கடி ஒன்றையொன்று நெருங்கும், துணைகளை மாற்றிக்கொள்ளும். தனியாகத் திரியும் நியூட்ரான் விண்மீனுக்கு அங்கே எளிதில் ஒரு துணை கிடைத்துவிடுகிறது. அதனால்தான் பால்வழியின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கோளக் கொத்துகளில், பால்வழியின் எடைகுறைந்த எக்ஸ் கதிர் இரட்டைகளில் (நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ எடைகுறைந்த துணையோடு சுற்றும் இணைகளில்) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

இந்த இரட்டைகளில் துணை விண்மீனிலிருந்து வாயு வழிந்து நியூட்ரான் விண்மீனைச் சுற்றி ஒரு திரள்வட்டாகச் சேர்கிறது. பெரும்பாலான காலம் வட்டு குளிர்ந்து கிடக்கும், வாயு மெல்ல மெல்லச் சேரும். ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனியாகும் அளவுக்குச் சூடேறினால் வட்டின் பிசுக்குமை (வாயுவின் உள் உராய்வு) ஒரேயடியாகக் கூடி, சேர்த்துவைத்த வாயு முழுக்க உள்ளே கொட்டும். அதைத்தான் சீற்றம் என்கிறேன். உறக்கத்தில் நொடிக்கு 10³¹ முதல் 10³³ எர்க் (எர்க் ஓர் ஆற்றல் அலகு) வரை ஒளிரும் மூலம், சீற்றத்தில் 10³⁵ முதல் 10³⁸ எர்க் வரை ஏறிவிடும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீடிக்கும்.

ஒரு சொல் விளக்கம் இங்கேயே. சீற்றம் வேறு, வெடிப்பு வேறு. வெடிப்பு என்பது நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் சில நொடிகளில் அணுக்கருப் பிணைவால் எரிந்துபோவது. ஒரு சீற்றத்துக்குள் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் வரலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பின்னால் குழப்பம்தான்.

படி 1: உங்கள் கொத்துகளின் வரலாற்றை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

சீற்றம் தொடங்கியபின் தேடிப் படிக்க நேரம் இருக்காது. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தூரம், நடுப்புள்ளியின் ஆயங்கள் (வானில் அதன் இடத்தைச் சொல்லும் எண்கள்), உள்ளக ஆரம் (நெரிசலான நடுப்பகுதியின் ஆரம்), இடையே உள்ள வாயு எவ்வளவு எக்ஸ் கதிரை உறிஞ்சும் என்ற அளவு, ஏற்கெனவே தெரிந்த மூலங்கள், அவற்றின் துடிப்பு, சுற்றுக்காலம், கடைசிச் சீற்றங்கள்.

சில பக்கங்கள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். டெர்சான் 5-இல் சீறுபவை மூன்று: எக்ஸோ 1745-248 என்ற எக்ஸ்-1, துடிக்கும் எக்ஸ்-2, 2012-இல் சீறிய எக்ஸ்-3. மூன்றும் ஒன்றுக்கொன்று பதினைந்து வில்விநாடி வட்டாரத்துக்குள். என்ஜிசி 6440-இல் இரண்டு. ஒன்று எஸ்ஏஎக்ஸ் ஜே1748.9-2021, நொடிக்கு 442 முறை சுழல்வது, சுற்றுக்காலம் 8.76 மணி. மற்றொன்று என்ஜிசி 6440 எக்ஸ்-2, நொடிக்கு 206 முறை சுழல்வது, துணையை வெறும் 57 நிமிடத்தில் சுற்றிவருவது. டெர்சான் 6-இல் ஜிஆர்எஸ் 1747-312, சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீறும், 12.36 மணிக்கு ஒருமுறை கிரகணமும் காட்டும். லில்லர் 1-இல் இருப்பது விரைவு வெடிப்பான் எனப்படும் தனி ரகம். எப்போதும் பிரகாசமாக இருக்கும் என்ஜிசி 6624, எம்15 போன்றவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எம்15-இல் ஒன்று என்று நெடுங்காலம் நினைத்திருந்தது இரண்டு என்று சந்திராவின் படத்தில்தான் தெரிந்தது. நெரிசலின் வேலை அது.

படி 2: வானம் முழுவதையும் பார்க்கும் கருவிகளில் எழுச்சியைப் பிடியுங்கள்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கும் மேக்ஸி, ஏறத்தாழ 92 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தைத் துழாவுகிறது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பேட் கருவி 15 முதல் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள வன்கதிர்களில் (ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்களில்) தினமும் அளவு தருகிறது. இரண்டின் ஒளி வளைவரைகளும் பொதுவெளியில் கிடைக்கும். 2024 ஜனவரியில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப், மென்கதிர்களில் (ஆற்றல் குறைந்தவற்றில்) இன்னும் மங்கலானவற்றையும் பிடிக்கிறது. எது இயங்குகிறது, எது ஓய்ந்துவிட்டது என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். கதையைத் தொடங்கிவைத்த இன்டெக்ரல்கூட 2025 பிப்ரவரியில் நோக்குதலை நிறுத்திவிட்டது.

இந்தக் கருவிகளில் எழுச்சி தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான சீறும் கொத்துகள் பால்வழியின் மையத் திசையில் இருக்கின்றன, அங்கே பிரகாசமான அண்டை வீட்டார் அதிகம். மேக்ஸி ஒரு புள்ளியை ஒன்றரை பாகை அகலத்துக்குப் பரப்பிக் காட்டும். லில்லர் 1-இலிருந்து அரை பாகை தூரத்திலேயே 4யூ 1728-34 என்ற பிரகாசமான மூலம் இருக்கிறது. மேக்ஸியால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆகவே ஒரு நாள் புள்ளி மேலே போனதைச் சீற்றமாக எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏறுகிறதா, வேறொரு கருவியும் அதையே சொல்கிறதா, பக்கத்து மூலம் எதுவும் அதே நேரத்தில் ஏறவில்லையே என்று பாருங்கள்.

இன்னொன்று: டிசம்பரையொட்டிய வாரங்களில் சூரியன் தனுசு ராசிப் பக்கம் நிற்கும். ஸ்விஃப்ட் சூரியனிலிருந்து 46 பாகைக்குள் திரும்பாது. ஆகவே நவம்பர் தொடக்கம் முதல் ஜனவரி இறுதி வரை மையத் திசைக் கொத்துகள் கைக்கு எட்டாது. அக்டோபரில் எழுச்சி தெரிந்தால் காலம் குறைவு என்று அர்த்தம்.

இந்த வகைக் கருவிகளுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. டெர்சான் 5 சுமார் 5.9 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) தூரம் என்று வைத்தால், ஒரு மில்லிகிராப் (நண்டு நெபுலாவின் பிரகாசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிரகாசம் ஏறத்தாழ 10³⁵ எர்க் ஒளிர்வுக்குச் சமம். மேக்ஸி ஒரு நாளில் நம்பிக்கையாகப் பார்ப்பது பத்து இருபது மில்லிகிராப் அளவில்தான். அதாவது 10³⁶ எர்க்கைத் தாண்டாத சீற்றம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். என்ஜிசி 6440 எக்ஸ்-2 அப்படித்தான் ஒளிந்திருந்தது. மாதத்துக்கு ஒருமுறைபோல், சில நாட்களே நீடிக்கும் சின்னச் சின்னச் சீற்றங்கள். 2009-இல் சந்திரா வேறு காரணத்துக்காக அந்தக் கொத்தைப் பார்த்தபோது தற்செயலாக மாட்டியது. நெருங்கிய கொத்துகளை வாரம் ஒருமுறையாவது கூர்மையான கருவியால் எட்டிப்பார்ப்பதுதான் இதற்கு வழி. அப்படிச் செய்யும் திட்டங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்றும் இல்லை என்று வரும் ஒவ்வொரு நாளும் பின்னால் வரப்போகும் சீற்றத்தின் தொடக்க நாளைக் குறுக்கிக் கொடுக்கிறது.

படி 3: ஸ்விஃப்ட்டைத் திருப்புங்கள், படத்தைத் திறந்து பாருங்கள்

ஸ்விஃப்ட்டிடம் அவசர நோக்குதல் கேட்க யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு கிலோ நொடி, அதாவது பதினேழு நிமிடம் கேட்டால் போதும். தரவு சில மணி நேரத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இறக்கி அலசலாம்.

எந்த முறையில் எடுக்கச் சொல்வது என்பது முக்கியம். ஸ்விஃப்ட்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான எக்ஸ்ஆர்டிக்கு இரண்டு முறைகள் உண்டு. ஃபோட்டான் எண்ணும் முறையில் இரு பரிமாணப் படம் கிடைக்கும், ஆனால் நேரத் துல்லியம் 2.5 நொடிதான். சாளர முறையில் நேரத் துல்லியம் 1.8 மில்லிநொடி, ஆனால் படம் ஒரு கோடாக நசுங்கிவிடும். முதல் நோக்குதலுக்கு எண்ணும் முறைதான் வேண்டும், ஏனென்றால் நமக்கு இடம் தெரிய வேண்டும்.

நிகழ்வுக் கோப்பைத் திறந்ததும் உள்ளபடியே உட்கார்ந்து பாருங்கள். கருப்புப் பின்னணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஃபோட்டான்கள், நடுவில் ஒரு பொட்டு. பொட்டின் நடு பளிச்சென்று இருந்தால் சரி. நடுவில் ஓட்டை விழுந்து வளையமாகத் தெரிந்தால் பைல்அப் ஆகிவிட்டது. ஒரே சட்டகத்துக்குள் (கருவி ஒருமுறை படம் பதியும் நேரத்துக்குள்) இரண்டு மூன்று ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் விழுந்து, கருவி அவற்றை ஒன்றாக எண்ணியோ தள்ளிவிட்டோ இருக்கிறது. எண்ணும் முறையில் நொடிக்கு 0.5 ஃபோட்டானைத் தாண்டினாலே இதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் நடுப்பகுதியை வெட்டிவிட்டு சுற்றியுள்ள வளையத்திலிருந்து மட்டும் நிறமாலை எடுங்கள். இதை விட்டால் நிறமாலை உண்மையைவிட வன்மையாகத் தெரியும், ஒளிர்வு குறைவாக வரும்.

அப்புறம் ஒளிர்வு. இந்த அளவு வாயு மறைப்புள்ள திசையில், ஸ்விஃப்ட்டில் நொடிக்கு ஒரு ஃபோட்டான் என்பது, மறைப்பை நீக்கிப் பார்த்தால், சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 10⁻¹⁰ எர்க் பாயம் (நம்மை வந்தடையும் ஆற்றலின் அளவு) என்று வைத்துக்கொள்ளலாம். சரியான எண்ணை உங்கள் நிறமாலைப் பொருத்தம் சொல்லும். இது கையடக்கக் கணக்கு. ஒளிர்வு என்பது 4 × பை × தூரத்தின் வர்க்கம் × பாயம். 5.9 கிலோபார்செக் என்றால் 1.82 × 10²² சென்டிமீட்டர். அதன் வர்க்கத்தை 4 பையால் பெருக்கினால் 4.2 × 10⁴⁵. ஆக, 10⁻¹⁰ பாயத்துக்கு 4.2 × 10³⁵ எர்க். இந்த எண் கிடைத்தவுடன் பல சந்தேகங்கள் விலகும். வெள்ளைக் குள்ளன் (சூரியன் போன்ற விண்மீனின் சுருங்கிய எச்சம்) உள்ள இரட்டைகள் பெரும்பாலும் 10³³ எர்க்குக்குக் கீழேதான் இருக்கும். கொத்துக்குள் இருந்துகொண்டு 10³⁵-ஐத் தாண்டி நாட்கணக்கில் ஒளிர்ந்தால், உள்ளே இருப்பது நியூட்ரான் விண்மீன் அல்லது கருந்துளை.

கொத்துகளுக்கே உரிய பெரிய வசதி இது. மற்ற எக்ஸ் கதிர் மூலங்களுக்குத் தூரம் தெரிவதே பெரும்பாடு. இங்கே கொத்தின் தூரம்தான் மூலத்தின் தூரம்.

படி 4: பெயர் சூட்டாமல் இருங்கள், இடத்தைத் துல்லியமாக்குங்கள்

ஸ்விஃப்ட் தரும் இடத்தில் மூன்று நான்கு வில்விநாடி பிழை இருக்கும். டெர்சான் 5-இன் உள்ளக ஆரமே சுமார் 9 வில்விநாடிதான். ஆகவே இந்த இடத்தை வைத்து, "கொத்தின் உள்ளகத்தில் சீறுகிறது" என்று சொல்லலாம். "எக்ஸ்-1 சீறுகிறது" என்று எழுதக் கூடாது. சில சமயம் பிழை வட்டம் ஒரு பழைய மூலத்தை ஒதுக்கிவிடும், அது நல்ல செய்தி. அது எதை உறுதி செய்கிறது என்பதைவிட எதை விலக்குகிறது என்பதையே இந்தக் கட்டத்தில் கேளுங்கள்.

துல்லியத்துக்கு சந்திராதான். 1999-இல் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கியின் கூர்மை அரை வில்விநாடி. இன்றுவரை எக்ஸ் கதிரில் இதை மிஞ்சிய கண் இல்லை. ஆனால் சீறும் மூலத்தைப் பார்க்கும்போது அதன் பலமே சிக்கலாகும். அதன் ஏசிஸ் படக் கருவி வழக்கமாக 3.2 நொடிக்கு ஒரு சட்டகம் எடுக்கிறது. பிரகாசமான மூலம் அதற்குள் கருவியைத் திணறடித்துவிடும். உணரியின் எட்டில் ஒரு பங்கை மட்டும் படித்தால் சட்டகம் 0.4 நொடியாகக் குறையும். இன்னும் பிரகாசம் என்றால் சந்திராவின் மற்றொரு படக் கருவியான எச்ஆர்சியைக் கேட்கலாம். ஏற்கெனவே பைல்அப் ஆன படம்தான் கையில் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். மூலத்தின் குறுக்கே உணரியின் நெடுக்கில் ஒரு மெல்லிய கோடு ஓடும். உணரியைப் படிக்கும் நேரத்தில் விழுந்த ஃபோட்டான்களின் தடம் அது. அந்தக் கோட்டின் நடுவையும், ஓட்டை விழுந்த பொட்டின் சமச்சீரையும் சேர்த்து மையத்தைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து ஆயங்களைப் பொருத்துவது. புதிய படத்தின் ஆயங்களை அப்படியே நம்பினால் அரை வில்விநாடிக்கு மேல்கூடப் பிழை வரலாம். அந்தக் கொத்தின் பழைய, ஆழமான சந்திரா படத்தை எடுங்கள். இரண்டிலும் தெரியும் மற்ற மங்கலான மூலங்களைப் பொருத்தி, புதிய படத்தை நகர்த்துங்கள். சீறும் மூலத்தின் ஒளிவட்டம் அருகிலுள்ளவற்றை விழுங்கிவிடுவதால், உள்ளகத்துக்கு வெளியே உள்ள இரண்டு மூன்றையாவது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பொருத்தியபின், பழைய படத்தில் அதே இடத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் மூலம் எது என்று பாருங்கள். முன்பும் பின்பும் எடுத்த படங்களை மாற்றி மாற்றித் திரையில் போட்டுப் பார்ப்பதைப் போல் தெளிவான சோதனை வேறில்லை. சட்டென்று ஒரு பொட்டு மட்டும் ஊதும், மற்றவை அசையாமல் நிற்கும்.

சந்திராவுக்கு நேரம் கிடைக்காவிட்டால் வேறு வழிகளும் உண்டு. சீறும் மூலங்கள் பலவற்றிலிருந்து ரேடியோ அலையும் வரும். விஎல்ஏ போன்ற ரேடியோ அணிகள் வில்விநாடியில் ஒரு சிறு பங்கு துல்லியத்தில் இடம் சொல்லும். எக்ஸோ 1745-248 2015-இல் சீறியபோது அப்படி உறுதி செய்தார்கள். ஹபிளின் முன்-பின் படங்களில் பிரகாசமான துணை விண்மீனையும் தேடலாம். 2010-இல் ஒரு அழகான வாய்ப்பும் அமைந்தது: நிலா டெர்சான் 5-இன் முன்னால் கடந்து போனது. நிலாவின் விளிம்பு மூலத்தை மறைத்த கணத்தையும் மீண்டும் விட்ட கணத்தையும் படமே எடுக்காத ஆர்எக்ஸ்டிஇ பதிவு செய்ய, அதிலிருந்தே இடத்தைக் கணக்கிட்டார்கள்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்ஜிசி 6388 மற்றொரு சாட்சி. 2011-இல் அங்கே ஐஜிஆர் ஜே17361-4441 எழுந்தபோது, கொத்தின் நடுவில் இருக்கலாம் என்று பேசப்பட்ட இடைநிறைக் கருந்துளை விழித்துவிட்டதோ என்று பரபரப்பு. சந்திரா பார்த்தபோது மூலம் மையத்திலிருந்து 2.7 வில்விநாடி விலகி இருந்தது. அந்த எண்ணம் அத்தோடு நின்றது.

படி 5: அது நியூட்ரான் விண்மீன்தான் என்று நிறுவுங்கள்

மிக உறுதியான சாட்சி, முதல் வகை வெடிப்பு, அதாவது முன்னால் சொன்ன மேற்பரப்பு வெடிப்பு. ஒன்று முதல் பத்து நொடிக்குள் ஏறி, பத்து நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை இறங்கும். இப்படிப்பட்ட வெடிப்பு முதன்முதலில் 1975-இல் அறியப்பட்டதே என்ஜிசி 6624 கொத்திலிருக்கும் 4யூ 1820-30 மூலத்திலிருந்துதான். ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறங்கும் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கரும்பொருள் நிறமாலையை (வெப்பத்தால் மட்டும் ஒளிரும் பொருளின் நிறமாலையை) பொருத்துங்கள். வெப்பநிலை படிப்படியாக இறங்க வேண்டும், ஆரம் ஏறத்தாழ மாறாமல் நிற்க வேண்டும். இதுதான் அடையாளம்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலை 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2 கோடியே 32 லட்சம் கெல்வின் என்று வைப்போம். அந்த வெப்பத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு நொடிக்கு 1.64 × 10²⁵ எர்க் உமிழும். மொத்த ஒளிர்வு 10³⁸ எர்க் என்றால், தேவையான கோளத்தின் ஆரம் 7 கிலோமீட்டர். வளிமண்டலம் நிறமாலையைத் திரிப்பதால் வரும் திருத்தத்தைச் செய்தால் இது பத்துக்கு மேல் போகும். ஒரு நகரத்தின் அளவுள்ள பொருள் குளிர்வதை இவ்வளவு தூரத்திலிருந்து அளக்கிறீர்கள். வெள்ளைக் குள்ளன் என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்திருக்கும். கருந்துளைக்கு மேற்பரப்பே கிடையாது, ஆகவே இந்த வெடிப்பும் கிடையாது.

சில கண்ணிகள் உண்டு. விரைவு வெடிப்பானில் இரண்டாம் வகை வெடிப்புகளும் வரும். அவை வட்டிலிருந்து வாயு விட்டு விட்டுக் கொட்டுவதால் வருபவை, குளிர்ச்சி காட்டாது. டெர்சான் 5 எக்ஸ்-2-இல் வேறு மாதிரிச் சிக்கல். சீற்றம் ஏற ஏற வெடிப்புகளுக்கு இடையிலான நேரம் 26 நிமிடத்திலிருந்து சுமார் 3 நிமிடத்துக்குச் சுருங்கி, கடைசியில் தனித்தனி வெடிப்பாகவே தெரியாமல் மெல்லிய அலைபோல் ஆகிவிட்டது. இடைவிடா ஒளி அவ்வளவு அதிகமாக இருக்கும்போது குளிர்ச்சியைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. அதனாலேயே அவற்றின் வகை குறித்து முதலில் விவாதம் நடந்தது. ஒரே ஒரு நாளின் தரவை வைத்து முடிவெடுக்காமல், ஏற்றத்திலும் இறக்கத்திலும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம் போதும்.

வெடிப்பே பிடிபடவில்லை என்றால் நிறமாலை ஓரளவு கைகொடுக்கும். 10³⁶ எர்க்குக்குப் பக்கத்தில் நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் ஒரே மாதிரி வன்மையாகத்தான் தெரியும். 10³⁴-ஐ நோக்கி இறங்கும்போது நியூட்ரான் விண்மீனின் நிறமாலை தெளிவாக மென்மையாகிறது, கருந்துளையுடையது அவ்வளவு மென்மையாவதில்லை. மேற்பரப்பின் வெப்பம் எட்டிப்பார்க்கிறது என்பது ஒரு விளக்கம். 2012-இல் எக்ஸ்-3 எழும்போது ஸ்விஃப்ட் அதை ஆரம்பத்திலேயே பிடித்ததால், ஒளிர்வு ஏற ஏற நிறமாலை மென்மையிலிருந்து வன்மைக்கு மாறுவதையும் பார்க்க முடிந்தது. இது துணைச் சாட்சி மட்டுமே. இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத நான் துணிய மாட்டேன்.

படி 6: துடிப்பைத் தேடுங்கள்

துடிப்பு கிடைத்தால் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அடியில் பதில். துடிப்பது நியூட்ரான் விண்மீன்தான். எந்த வேகத்தில் துடிக்கிறது என்பது அது எது என்பதையும் சொல்லிவிடும். என்ஜிசி 6440-இல் 442 வந்தால் பழையவர், 206 வந்தால் எக்ஸ்-2. படம் எடுக்காத நைசர் போன்ற கருவியாலும் இதைச் செய்யலாம்.

முதல் வேலை, ஃபோட்டான்களின் வருகை நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுவது. இதற்கு இடம் தேவை, ஆகவே படி 4-ஐ முடித்துவிட்டு வருவது நல்லது. பிறகு தரவைச் சிறு துண்டுகளாக, 64 முதல் 256 நொடி வரை வெட்டி ஃபூரியர் திறன் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துடிப்பு என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். நீளமாக எடுத்தால், விண்மீன் துணையைச் சுற்றும்போது டாப்ளர் விளைவால் (நகர்வால் அதிர்வெண் மாறுவதால்) துடிப்பு பல அதிர்வெண் கட்டங்களில் சிதறி மறைந்துவிடும். 57 நிமிடச் சுற்றுக்காலம் உள்ள மூலத்தில் இது சட்டென்று நடக்கும்.

கிடைத்த உச்சத்தை எப்போது நம்பலாம்? 256 நொடித் துண்டில் 2048 ஹெர்ட்ஸ் வரை தேடினால் 5,24,288 அதிர்வெண்களைச் சோதித்திருக்கிறீர்கள். வழக்கமான லீகி அளவில் (இரைச்சலின் சராசரி 2 என வரும்படி அமைத்த அளவில்), வெறும் இரைச்சலே ஒரு உச்சத்தை உருவாக்கும் வாய்ப்பு உச்சத்தின் பாதியை அடுக்காகக் கொண்டு குறையும். அத்தனை சோதனைகளையும் கணக்கில் எடுத்து ஆயிரத்தில் மூன்றுக்குக் கீழே வர வேண்டுமானால் உச்சம் 38-ஐத் தாண்ட வேண்டும். பல துண்டுகளைப் பார்த்திருந்தால் வாசல் இன்னும் உயரும். 30-இல் ஒரு உச்சத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் அடுத்த நாள் தரவில் அது காணாமல் போவது இந்த வேலையில் சாதாரணம்.

கிடைத்த அதிர்வெண்ணை அந்தக் கொத்தின் ரேடியோ துடிவிண்மீன் (ரேடியோ அலையில் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்) பட்டியலோடும் ஒப்பிட மறக்காதீர்கள். 2013 மார்ச்சில் எம்28 கொத்தில் ஐஜிஆர் ஜே18245-2452 சீறியது. எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியின் தரவில் 3.9 மில்லிநொடித் துடிப்பும் 11 மணி நேரச் சுற்றுக்காலமும் தெரிந்தன. பட்டியலைப் புரட்டினால் அதே துடிப்போடு, அதே சுற்றுக்காலத்தோடு ஒரு ரேடியோ துடிவிண்மீன் ஏற்கெனவே இருந்தது. சீற்றம் அடங்கிய சில வாரங்களுக்குள் ரேடியோத் துடிப்பு மீண்டும் வந்தது. ஒரே நியூட்ரான் விண்மீன் வாயுவை விழுங்கும் நிலைக்கும் ரேடியோவில் துடிக்கும் நிலைக்கும் இடையே மாறி மாறிப் போகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி அதுதான். பெயர்ப் பொருத்தம் பார்க்கும் சலிப்பூட்டும் வேலையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

துடிப்பு கிடைக்காவிட்டால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலான சீறும் நியூட்ரான் விண்மீன்கள் துடிப்பைக் காட்டுவதே இல்லை. எஸ்ஏஎக்ஸ் ஜே1748.9-2021 விட்டு விட்டுத்தான் துடிக்கும்.

படி 7: சொல்ல வேண்டியதை அளந்து சொல்லுங்கள்

சீற்றம் காத்திருக்காது, மற்ற தொலைநோக்கிகள் திரும்ப வேண்டும், ஆகவே விரைவில் அறிவிப்பது கடமை. அறிவிப்பில் கொத்து, நாள், பாயம், இடம், பிழை ஆரம், பிழை வட்டத்துக்குள் இருக்கும் பழைய மூலங்களின் பெயர்கள் எல்லாம் வரட்டும். சந்திராவோ ரேடியோவோ துடிப்போ உறுதி செய்யும்வரை, இன்ன மூலம் என்று தலைப்பில் போட வேண்டாம். டெர்சான் 5 சீறுகிறது என்பதே போதும்.

படி 8: அடங்கியபின் மறுபடி பாருங்கள்

சீற்றம் முடிந்ததும் பலர் போய்விடுகிறார்கள். அடையாளத்தின் கடைசிச் சரிபார்ப்பு அப்போதுதான் நடக்கிறது. சில வாரங்கள் கழித்து சந்திராவின் ஆழமான படம் ஒன்று வேண்டும். நீங்கள் சொன்ன அதே இடத்தில் மூலம் மங்கியிருக்க வேண்டும், ஆனால் பழைய உறக்க அளவைவிடச் சற்றுப் பிரகாசமாகவும் இருக்கலாம். விழுந்த வாயுவின் எடை மேலோட்டை அழுத்தி, ஆழத்தில் அணுக்கரு வினைகளைத் தூண்டிச் சூடாக்கியிருக்கும். அந்தச் சூடு வருடக்கணக்கில் வெளியேறும்.

டெர்சான் 5 எக்ஸ்-2-க்குச் சீற்றத்துக்கு முன்னரே எடுத்த சந்திரா படங்கள் இருந்தன. அதனால் எந்த வெப்பநிலையிலிருந்து கிளம்பியது என்பது தெரியும். சீற்றம் ஓய்ந்த பின் எடுத்த படங்களில் அதே புள்ளி முன்பைவிடச் சூடாக இருந்தது, மெல்ல ஆறிக்கொண்டே வந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் பழைய வெப்பநிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. ஆறு வில்விநாடி தள்ளியிருந்த எக்ஸோ 1745-248-ஐ அந்தப் புள்ளியாக எடுத்திருந்தால் இந்த வளைவரையே கிடைத்திருக்காது.